ஹௌஸ் காஸுக்கு ஒரு சட்டம், மதராசி கேம்ப்புக்கு ஒரு சட்டமா?



சென்ற கிளைக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து கேட்டார்: "அண்ணே, ஹௌஸ் காஸ் கிராமத்துல ஒரு ஓட்டல்ல வேலை கிடைச்சிருக்கு. பியர் விக்கிற எடம்னு எங்கம்மா அழுவுது. அங்க வர்றவங்க எல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க. நான் போறது தப்பா?"

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து, டில்லிக்கு வந்து நம் பிள்ளைகள் பண்பாட்டை இழந்துவிட்டார்கள் என்று பேசினார். வேறொருவர், "காலம் மாறிப்போச்சு ஐயா, இதுதான் முன்னேற்றம், நாலு பேருக்கு வேலை கிடைக்குதுல்ல" என்றார். இரண்டு பதிலும் அந்தத் தம்பிக்குப் போதவில்லை. நமக்கும் போதவில்லை. பத்திரிகையில் எழுதுகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். பார்க்காமல் எழுதுவது முறையல்ல என்பதால், ஒரு சனிக்கிழமை மாலை ஆபீஸ் முடிந்ததும் சங்கத் தோழர்கள் மூவராக அங்கே சென்றோம்.

நாம் கண்டது

கிரீன் பார்க்கில் இறங்கி நடந்தால் மான் பூங்காவை ஒட்டி அந்தக் கிராமம் வருகிறது. பெயர்தான் கிராமம். குறுகலான சந்துகள். ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பது போல நாலு மாடி, ஐந்து மாடிக் கட்டடங்கள். மாடிக்கு ஒரு ஓட்டல். ஆள் ஒருவர் இறங்கினால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டிய படிக்கட்டு. வாசலில் கறுப்புச் சட்டை போட்ட காவலாள். மொட்டை மாடியில் விளக்குத் தோரணம். மேலே அமர்ந்தால் ஏரி தெரியும், அதற்குத்தான் விலை.

அந்த ஏரியின் வரலாறு நம் பிள்ளைகள் அறிய வேண்டியது. சுல்தான் அலாவுதீன் கில்ஜி தன் சிரி நகருக்குத் தண்ணீர் தர வெட்டியது அது. பின்னால் மண் மூடிப்போனதை பிரோஸ் ஷா துக்ளக் தூர் வாரி, கரையில் ஒரு மதரசாவும் கட்டினார். அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. ஹௌஸ் என்றால் குளம். ஊரார் குடிக்க வெட்டிய குளம். வெட்டிய கூலியாட்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இன்று அந்த ஏரிக்கு வருவது வசந்த் குஞ்ச் நிலையத்தில் சுத்திகரித்த கழிவுநீர். அதைப் பார்த்துக்கொண்டு குடிக்கத்தான் மாடியில் இடம் பிடிக்க அத்தனை போட்டி.

விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். டில்லியில் 2025 ஏப்ரலில் பயிற்சியில்லாத் தொழிலாளிக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மாதம் 18,456 ரூபாயாக இருந்தது. 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 710 ரூபாய். அந்த மாடியில் இரண்டு கோப்பை பியருக்கும் ஒரு சிறு தட்டு தின்பண்டத்துக்கும் அது போதாது. அந்தத் தட்டில் இருந்தது என்ன? நம் வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் கூடையில் வைத்து விற்ற அதே இட்லி! நெய்யும் பொடியும் தூவி, விரல்நீளக் குச்சி குத்தி, ஆங்கிலத்தில் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்.

நாம் அதைக் கண்டு பொறாமைப்படவில்லை. உழைத்துச் சம்பாதித்தவர் நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் நமக்கு என்ன நட்டம்? நம் கேள்வி வேறு. அந்த மாடி எந்தச் சட்டத்தின்மேல் நிற்கிறது?

சிவப்புக் கோடும் கறுப்பு வாய்க்காலும்

1908-இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் நில அளவை செய்தபோது, கிராம மக்கள் குடியிருக்கும் இடத்தைச் சுற்றி வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்கள். அதுவே லால் டோரா. கோட்டுக்குள் உழவன் வீடு கட்டலாம், மாடு கட்டலாம், வைக்கோல் போர் போடலாம். வரி வசூலுக்காக இழுத்த கோடு அது. 1963-இல் இந்தக் கிராமக் குடியிருப்புகளுக்குக் கட்டட விதிகளிலிருந்து விலக்கும் கொடுத்தார்கள். ஏழை விவசாயி மாட்டுக்கொட்டகைக்கு வரைபட அனுமதி கேட்டு அலையக்கூடாது என்பதற்காகக் கொடுத்த சலுகை. 1980-களின் இறுதியில் துணிக்கடைகள் அங்கே வந்தன. பிறகு கலைக்கூடங்கள், பிறகு ஓட்டல்கள், பிறகு மதுக்கூடங்கள். மாட்டுக்கொட்டகைக்குக் கொடுத்த விலக்கின்மேல் ஐந்து மாடி மதுக்கூடம் எழும்பியது.

2013 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இந்த விவகாரம் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெறாமல், கழிவைச் சுத்திகரிக்காமல் நடந்த 34 ஓட்டல்கள் மூடப்பட்டன. எத்தனை காலம்? சில நாட்கள்! சுத்திகரிப்புக்கு ஏற்பாடு செய்கிறோம், நிபந்தனைகளை நிறைவேற்றுகிறோம் என்று சொன்னதும் மீண்டும் திறந்தன. ஒரு செங்கல்லும் பெயர்க்கப்படவில்லை.

இனி நம் கதைக்கு வருவோம்.

ஜங்புராவில் நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு அருகே, பாராபுல்லா வாய்க்கால் ஓரம் மதராசி கேம்ப் இருந்தது. ஜி.டி. எக்ஸ்பிரஸில் தகரப் பெட்டியோடு வந்திறங்கிய நம் மக்கள் ஐம்பது ஆண்டுகளாக வாழ்ந்த இடம். ஜங்புரா வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்கள், நிஜாமுதீன் வீடுகளில் சமைத்தவர்கள், ஆபீஸ்களில் தரை துடைத்தவர்கள். பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் தமிழ்ப் பள்ளி. வாய்க்கால் அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது, ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று உயர்நீதிமன்றம் 2025 மே மாதம் உத்தரவிட்டது. ஜூன் 1-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை புல்டோசர் வந்தது. 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி என்று முதற்கணக்கில் சொன்னது 189 குடும்பங்களை மட்டுமே. அந்த மாற்று வீடும் எங்கே? ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில். காலை ஆறு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் தேய்க்க வேண்டிய தாய், நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுவாள்?

வாய்க்கால் தூர் வாரப்பட வேண்டியதுதான். அதை நாம் மறுக்கவில்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்கியது நம் அடுப்புத்தானே! ஆனால் கழிவுநீர் பிரச்சினை இரண்டு இடத்திலும் இருந்தது. விதிமீறல் இரண்டு இடத்திலும் இருந்தது. ஒரு இடத்தில் நிபந்தனை, அவகாசம், மறுதிறப்பு. மற்ற இடத்தில் புல்டோசர். ஒருவருக்கு அது தொழில், மற்றவருக்கு அது ஆக்கிரமிப்பு. இந்த வேறுபாட்டைச் சட்டப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்கிறோம்.

கைவினை யாருடையது?

இப்போது அங்கே விற்கும் பியருக்குக் 'கைவினை பியர்' என்று பெயர். பெரிய ஆலையில் அல்லாமல் சிறு அளவில், கைப்பக்குவமாகக் காய்ச்சுவது என்பது பொருள். முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் என்ற ஒரு கொடியின் பூ, ஈஸ்ட், தண்ணீர். இவை நான்கும்தான் அதன் சரக்கு. ஒரு லிட்டர் பியருக்கு, தொட்டி கழுவுவதையும் சேர்த்து, நாலைந்து லிட்டரோ அதற்கு மேலோ தண்ணீர் செலவாகும். கேம்ப்பில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தொட்டியைக் கழுவுவது யார்? மூட்டை சுமப்பது யார்? வியாபாரம் கவிழ்ந்தால் முதலில் பட்டினி கிடப்பது யார்? டில்லியில் 2015-இல் தொடங்கி நாடெங்கும் பேர் பெற்ற 'பீரா 91' பியரின் கதையைப் பாருங்கள். கம்பெனியின் பெயரிலிருந்து 'பிரைவேட்' என்ற ஒரே ஒரு சொல்லை எடுத்தார்கள். உடனே ஒவ்வொரு மாநிலத்திலும் புது லேபிளுக்குப் புதிதாகப் பதிவு வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் விற்பனை தடைப்பட்டது. 2025-இல் அதன் ஊழியர்கள் பல மாதச் சம்பள பாக்கி என்று குரல் எழுப்பியதை வியாபார ஏடுகளே எழுதின. மேலே இருப்பவர் எடுத்த முடிவுக்குக் கீழே இருப்பவர் பட்டினி! மதராசி கேம்ப்பிலும் தகுதி என்பது தாளைப் பொறுத்துத்தானே இருந்தது? வாக்காளர் பட்டியலும் ரேஷன் அட்டையும் சரியாக இருந்தவனுக்கு வீடு, இல்லாதவனுக்குத் தெரு. காகிதத்தில் ஒரு சொல் தவறினால் உழைப்பவன் தலையில்தான் விடிகிறது.

கைவினை என்று பேசுகிறவர்களை நம் ஊர்ப் பக்கமும் அழைக்கிறோம். உயிரைப் பணயம் வைத்துப் பனையேறி, பாளை சீவி, கலயத்தில் இறக்கிய கள் கைவினை இல்லையா? தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை. பனையேறிக்கு வழக்கு. ஆனால் 1983-இல் அரசாங்கமே தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் தெருவுக்குத் தெரு சில்லறைக் கடையும் நடத்துகிறது. ஆலை முதலாளியின் சரக்குக்கு அரசாங்க முத்திரை, பனையேறியின் கலயத்துக்குப் போலீஸ் தடி. குடியை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் கைவினை என்ற மரியாதை கையைப் பார்த்தா கொடுக்கப்படுகிறது, பணப்பையைப் பார்த்தா என்று கேட்காமல் இருக்க முடியாது.

பண்பாட்டுக் காவலர்களுக்கு

நம் பெரியவர்களுக்கும் ஒரு சொல். கூட்டத்தில் அந்தத் தம்பியைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர் சம்பள நாளில் நேராக வீட்டுக்குப் போகிறவர்கள்? மகளிர் குழுத் தாயார் ஒருவர் அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "அங்க குடிச்சா ரசனைங்கறாங்க, எங்க வூட்டுக்காரு குடிச்சா குடிகாரன்ங்கறாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். காசு வீட்டுக்கு வரல, அவ்வளவுதான்." இதைவிடத் தெளிவாக நாம் எழுதிவிட முடியாது. வீட்டுக் கூலியைத் தின்னும் குடியை எதிர்ப்போம். ஆனால் எச்சில் தட்டு கழுவிப் பிழைக்கும் பிள்ளையைக் கேலி செய்வது எதிர்ப்பு ஆகாது.

முன்னேற்றம் என்று சொன்ன நண்பருக்கும் ஒரு நடந்த சம்பவம். நம் கிளையைச் சேர்ந்த ஒரு பையன் இப்படிப்பட்ட ஓட்டலொன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவினான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போனால் இரவு ஒரு மணிக்கு முடியும். கடைசி மெட்ரோ போன பிறகு ஆட்டோவுக்குக் கைக்காசு. வேலை உத்தரவுக் கடிதம் இல்லை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டுக் கடை மூடியது. கொஞ்ச நாளில் அதே மாடியில் வேறு பெயர்ப் பலகை. கேட்டால், "அது பழைய கம்பெனி, நாங்கள் புதுசு" என்றார்கள். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பலகைதானே மாறிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் நாலு பேர் மூன்று முறை போய் நின்றோம். ஒரு மாதச் சம்பளம் வந்தது. மற்ற மாதத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காகிதம் இல்லாதவனுக்கு அங்கேயும் கதி அதுதான்.

என்ன செய்வது?

தம்பிக்கு நம் பதில் இதுதான். நீ போவது தப்பில்லை. தனியாகப் போவதுதான் தப்பு. அம்மாவிடம் சொல்: எந்த இடத்தில் உழைத்தாலும் உழைப்புக்குத் தீட்டு இல்லை. ஆனால் வேலையில் சேரும்போது இவற்றைக் கேட்டு வாங்கு.

ஒன்று: வேலை உத்தரவுக் கடிதம். டில்லிக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1954-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. கடிதம் கொடுப்பது முதலாளியின் தயவல்ல, கடமை.

இரண்டு: அதே சட்டப்படி வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை.

மூன்று: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் இ.எஸ்.ஐ. அட்டை. கொதிக்கும் எண்ணெய் கையில் பட்டால் செலவு யாருடையது என்று அப்புறம் கேட்டுப் பயனில்லை.

நான்கு: சம்பளம் பாங்க் கணக்கில். அதுவே உன் சாட்சி. வந்து போகும் நேரத்தை ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி வை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய குமாஸ்தாக்களான நாங்கள் இருபது வருஷ ரயில்வே வேலையில் கற்றுக்கொண்ட ஒரே வித்தை இது. எழுதி வைத்தவன் வழக்கில் நிற்பான், எழுதாதவன் வாசலில் நிற்பான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு ஓட்டல் வேலைக்குப் போகும் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். மதராசி கேம்ப்பிலிருந்து நரேலாவுக்குப் போனவர்களும், எங்கும் இடம் கிடைக்காமல் வாடகைக்கு அலைகிறவர்களும் தங்கள் காகிதங்களைக் கொண்டு வாருங்கள். தகுதியில்லை என்று தள்ளப்பட்ட ஒவ்வொரு குடும்பத்தின் மனுவையும் சேர்ந்தே எழுதுவோம்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது சலுகையல்ல. ஹௌஸ் காஸ் ஓட்டலுக்குக் கொடுத்த அதே அவகாசம், அதே நிபந்தனை, அதே மறுவாய்ப்பு. ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு உள்ள சட்டம் வாய்க்கால் கரையில் வாழ்ந்தவனுக்கும் வேண்டும்.

தனித்தனியாகப் போனால் வாசற்காவலாளே நம்மைத் திருப்பி அனுப்புவான். சங்கமாகப் போவோம்!