எண் கிடைத்தது, ஏடு வந்து சேருமா?

(ஓய்வு பெற்ற ரயில்வே சிக்னல் பொறியாளர், நாக்பூர்)



பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இரண்டு கவலைகள் எப்போதும் உண்டு. ஒன்று பிள்ளைகளின் படிப்பு, மற்றொன்று பெரியவர்களின் உடல்நலம். படிப்பைப் பற்றி நம் மலரில் பலர் எழுதிவிட்டார்கள். உடல்நலத்தைப் பற்றி, குறிப்பாக மத்திய அரசு கொண்டு வந்திருக்கும் டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தைப் பற்றி, எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நான் டாக்டர் அல்ல. ஆனால் ஒரு பெரிய அமைப்பு எப்படி ஓடும், எங்கே நின்று போகும் என்பதை ரயில்வேயில் இருந்து பார்த்தவன்.

நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ தனியாக இருக்கும் தாயாரை இங்கே அழைத்து வருகிறோம். ஆறு மாதம் இங்கே, பிறகு புனேயில் இளைய மகன் வீட்டில் நான்கு மாதம், பொங்கலுக்கு மறுபடியும் ஊர். ஊரில் ஒரு டாக்டர், இங்கே ஒரு டாக்டர், அங்கே ஒரு டாக்டர். ஒவ்வொருவரும் ரத்தப் பரிசோதனையை முதலிலிருந்து எடுக்கச் சொல்கிறார். ஊர் மாத்திரையின் கம்பெனிப் பெயர் இங்குள்ள மருந்துக் கடைக்காரருக்குத் தெரிவதில்லை. "என்ன ஆபரேஷன் நடந்தது?" என்று இந்தியில் கேட்டால் அம்மாவுக்குப் புரிவதில்லை. நமக்குப் புரிந்தாலும் பதில் தெரிவதில்லை. ஃபைலோ ஊரில் பீரோவுக்குள் இருக்கிறது. பணமும் நேரமும் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். சிறுநீரகம் பழுதானது தெரியாமல் ஒரு வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே திட்டம் வந்தது. 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையில் இதற்கு விதை போட்டார்கள். 2019-ல் வரைபடம் தயாரானது. 2020 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். சண்டிகர், புதுச்சேரி, அந்தமான் உட்பட ஆறு யூனியன் பிரதேசங்களில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். 2021 செப்டம்பர் 27 முதல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் விரிந்தது. 2022-ல் மத்திய அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு 1,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. இதில் நமக்குக் கிடைப்பது 'ஆபா' என்ற 14 இலக்க எண். டாக்டர்களுக்கு ஒரு பதிவேடு, மருத்துவமனைகளுக்கு ஒரு பதிவேடு. நம் மருத்துவ விவரங்கள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நாம் சம்மதம் கொடுத்தால் மட்டும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும்.

திட்டத்தின் அமைப்பு நல்ல அமைப்பு என்பதே என் கருத்து. எல்லோருடைய விவரத்தையும் டெல்லியில் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை. அது புத்திசாலித்தனம். இங்கிலாந்தில் 2002-ல் மேலிருந்து திணித்த மாபெரும் தேசிய மருத்துவக் கணிப்பொறித் திட்டத்தை, பல நூறு கோடி பவுண்டு செலவான பிறகு, 2011-ல் கலைக்க வேண்டி வந்தது. அந்தப் பாதையில் நாம் போகவில்லை.

ஆனால் கணக்கைப் பார்த்தால் நெருடுகிறது. 2025 பிப்ரவரியில் 73 கோடிக்கு மேற்பட்ட ஆபா எண்கள் கொடுத்தாகிவிட்டன என்று அரசு தெரிவித்தது. அதே சமயம் அந்த எண்களோடு இணைந்த மருத்துவப் பதிவுகள் சுமார் 49 கோடி. அதாவது அப்போது ஆளுக்கு ஒரு பதிவுகூட இல்லை! ஒரு சர்க்கரை நோயாளிக்கு மட்டுமே வருடத்தில் நான்கைந்து சீட்டு சேரும். டிக்கெட் எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது, வண்டியைத்தான் இன்னும் காணோம்.

காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். 2017-18-ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களில் சுமார் 30 சதவீதம் பேரே அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் தனியாரிடம்தான். தெருமுனையில் ஒரு மேஜை, ஒரு ஸ்டெதாஸ்கோப், ஒரு கம்பவுண்டர். அந்த டாக்டர் மாலையில் அறுபது பேரைப் பார்க்கிறார். அவர் எப்போது கணிப்பொறியில் தட்டச்சு செய்வார்? 2023 ஜனவரியில் மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் மென்பொருள் கம்பெனிகளுக்கும் ஊக்கத்தொகை தரத் தொடங்கினார்கள். நல்லதுதான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அதனால் கிடைக்கும் பலன் தெருமுனை டாக்டருக்குக் கிடைப்பதில்லை. அவருக்கு வேண்டியது தொகை மட்டுமல்ல. அவருடைய இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தும் எளிய கருவி வேண்டும்.

ரயில்வேயில் இதைப் போன்ற ஒன்றை நாங்கள் கடந்து வந்தோம். 1980-களின் நடுவில் டெல்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. பிறகு மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் தனித் தீவு. இங்கிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுக்கலாம், திரும்பி வருவதற்குத் தந்தி கொடுத்துக் காத்திருக்க வேண்டும். கணிப்பொறி இருந்தும் அவதி தீரவில்லை. 1999-ல் ஐந்தும் ஒன்றாக இணைந்த பிறகுதான் எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் டிக்கெட் என்ற நிலை வந்தது. மக்களின் வாழ்க்கையை மாற்றியது கணிப்பொறி அல்ல, கணிப்பொறிகளுக்கு இடையே ஏற்பட்ட இணைப்பு. ஆகவே எத்தனை எண் கொடுத்தோம் என்று அரசு எண்ணுவதை நிறுத்திவிட்டு, எத்தனை சிகிச்சை ஏடுகள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வந்து சேர்ந்தன, அவற்றை எத்தனை டாக்டர்கள் திறந்து பார்த்தார்கள் என்று எண்ண வேண்டும். அந்தக் கணக்கை மாதாமாதம் வெளியிட வேண்டும்.

மொழி விஷயத்தில் இந்தத் திட்டம் நமக்குப் பெரிய வரமாகலாம். நோய்க்கும் பரிசோதனைக்கும் உலகப் பொதுவான குறியீடுகள் இருக்கின்றன. மின்னணு மருத்துவப் பதிவுக்கான தர விதிகளை நம் அரசு 2013-லேயே வெளியிட்டு 2016-ல் திருத்தியது. குறியீட்டுக்கு மொழி கிடையாது. மதுரை டாக்டர் பதிந்ததை நாக்பூர் டாக்டர் ஆங்கிலத்தில் படிக்கலாம், அதையே அம்மாவின் கைபேசி தமிழில் காட்டலாம். "இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், காலையில் மட்டும்" என்ற ஒரு வரி தமிழில் இருந்தால் எத்தனை பெரியவர்கள் பிள்ளையின் கையை எதிர்பார்க்காமல் இருப்பார்கள்! ஆனால் சீட்டைப் போட்டோ எடுத்து அப்படியே ஏற்றிவிட்டால் இது நடக்காது. போட்டோவைக் கணிப்பொறி சேமித்து வைக்கும், புரிந்துகொள்ளாது.

நம் பெண்களின் பிரசவத்தையும் யோசியுங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய 2008 முதலே 'பிக்மி' என்ற ஏற்பாடு இருக்கிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்தப் பதிவு எண் வேண்டும் என்று 2017-ல் விதியும் வந்தது. நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே ஏழு மாதம் பார்த்த டாக்டரின் ஸ்கேனும் ரத்த அளவும் பெண்ணின் கைப்பையில் காகிதமாகத்தான் ஊர் போய்ச் சேருகின்றன. மாநிலத்தின் பதிவும் தேசத்தின் பதிவும் கைகோக்க வேண்டிய முதல் இடம் இதுதான் என்பேன். தாயும் சேயும் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஏழு மாதக் கதையை மறுபடி வாயால் சொல்ல வைப்பது நியாயமா?

இனி சம்மதத்துக்கு வருகிறேன். ஒற்றைப் பாதையில் வண்டி ஓட டோக்கன் என்று ஒன்று உண்டு. அது கையில் வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அந்த டோக்கன் ஒரு வண்டிக்கு, ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்தான் செல்லும். மருத்துவச் சம்மதமும் அப்படித்தான் இருக்க வேண்டும். யாருக்கு, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேட்டே வாங்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் விதியும். நடைமுறையில் என்ன நடக்கிறது? வரிசையில் நிற்பவரிடம் ஆதார் அட்டையையும் ஓ.டி.பி.யையும் கேட்டு வாங்கி, எண்ணை உண்டாக்கி முடித்துவிடுகிறார்கள். 2021-ல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட பலருக்கு அவர்கள் கேட்காமலேயே சுகாதார எண் உருவானதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாமல் கொடுப்பது சம்மதம் ஆகுமா?

மருத்துவத் தகவலுக்கென்றே ஒரு தனிச் சட்ட வரைவு 2018-ல் வந்தது. அது சட்டமாகவில்லை. 2023-ல் பொதுவான தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. மற்றத் தகவலைப் போலவே நோய்த் தகவலையும் பார்ப்பது போதாது என்று நினைக்கிறேன். வங்கிக் கணக்கு வெளியே தெரிந்தால் கணக்கை மாற்றலாம், காசநோய் என்றோ மனநோய் என்றோ தெரிந்துவிட்டால் எதை மாற்றுவது? கல்யாணம், வேலை, வாடகை வீடு எல்லாவற்றையும் அது பாதிக்கும். எஸ்டோனியா என்ற சின்ன நாட்டில் 2008 முதல் மின்னணு மருத்துவ ஏடு இருக்கிறது. அங்கே தன் ஏட்டை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்பதை நோயாளியே பார்க்கலாம். இங்கும் அது வேண்டும். அதுவும் அவரவர் மொழியில் ஒரு குறுஞ்செய்தியாக வர வேண்டும்.

இன்னொன்று, இயந்திரம் ஒருநாள் நிற்கும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் இணையத் தாக்குதலில் முடங்கின. ஏறக்குறைய இரண்டு வாரம் பதிவும் பரிசோதனை முடிவும் கையெழுத்தில் நடந்தன. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனைக்கே இந்த நிலை என்றால் மாவட்ட மருத்துவமனை எம்மாத்திரம்? எங்கள் சிக்னல் துறையில் முதல் பாடமே, எந்தக் கருவியும் கெட்டுப்போகும் என்று எண்ணிக்கொண்டே அமைக்க வேண்டும் என்பதுதான். கருவி கெட்டால் சிக்னல் சிவப்புக்குப் போகும், ஆனால் ரயில்வே நின்றுவிடாது. ஸ்டேஷன் மாஸ்டர் காகிதத்தில் அனுமதி எழுதிக் கொடுத்து வண்டியை அனுப்புவார். அதற்கு விதிமுறை உண்டு, பயிற்சியும் உண்டு. ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கச் சுருக்கத்தை அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும் என்பதை விதியாக்க வேண்டும். கைபேசி இல்லாதவருக்கும், மின்சாரம் இல்லாத நாளுக்கும் அதுவே துணை. எண் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பவும் கூடாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இதே 2017 கொள்கை, சுகாதாரத்துக்கு அரசுகள் செலவிடும் தொகையை 2025-க்குள் நாட்டு மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்றும் சொன்னது. அந்த இலக்கை எட்டவில்லை. கணிப்பொறி, இருக்கிற டாக்டருக்கு உதவும். இல்லாத டாக்டரை உண்டாக்காது. ஆளில்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேகமான இணையம் இருந்து என்ன பயன்?

அரசுக்குச் சொல்வது இருக்கட்டும், நாம் என்ன செய்யலாம்? நம் சங்கக் கட்டடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். கணிப்பொறி தெரிந்த நம் இளைஞர்கள் உட்காரட்டும். விருப்பமுள்ள பெரியவர்களுக்கு மட்டும் எண் எடுத்துக் கொடுக்கட்டும். எதற்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்பதைத் தமிழில் நிதானமாக விளக்கட்டும். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். 70 வயது கடந்தவர்களுக்கு, வருமானம் எதுவானாலும், 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு 2024 அக்டோபர் முதல் உண்டு. பலர் இன்னும் அந்த அட்டையை எடுக்கவில்லை. அதற்கும் அங்கேயே வழிகாட்டலாம். நம் நடுவே டாக்டர்கள் சிலர் இருக்கிறார்கள். நோய், மருந்தின் மூலப்பெயர், அளவு, ஒவ்வாமை, நடந்த அறுவைச் சிகிச்சை, ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் ஆகியவை அடங்கிய ஒரு பக்கப் படிவத்தை அவர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்துத் தந்தால், அடுத்த இதழிலேயே அச்சிடலாம் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

தேசியத் திட்டம் முழுமை பெறப் பத்து வருடம் ஆகலாம். ரயில்வே முன்பதிவுக்கும் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் ஒவ்வொரு குடும்பமும், டிக்கெட்டை எடுத்து வைக்கும் பையிலேயே அந்த ஒரு பக்கத்தையும் எடுத்து வைக்கட்டும்.