மழைக்கு முன்னால் வாருங்கள், கரி எஞ்சின்களைக் காப்போம்!



பெரம்பூர் லோகோவிலும் பொன்மலையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன்மாரே, ஷெட்டுகளில் கரி அள்ளிப்போட்டுக் கை காய்த்துப்போன ஃபயர்மேன்களே, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் லேத்தும் வெல்டிங்கும் கற்றுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பத்துச் சொந்தங்களே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் ஒரு வேலையைத் தொடங்கியாக வேண்டும்.

வேலை இதுதான். தமிழ்நாட்டு ரயில் நிலைய வாசல்களிலும் பணிமனை முகப்புகளிலும் மேடை கட்டி நிறுத்தியிருக்கும் பழைய கரி எஞ்சின்களை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் மீட்டுக் கூரைக்குள் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த பிறகு, உயிர் மிச்சமிருக்கிற ஒன்றையாவது மறுபடி நீராவியில் ஓடவைக்க வேண்டும். எஞ்சின் ரயில்வேயின் சொத்து. அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட முடியாது, தொடவும் கூடாது. ஆனால் அனுமதி கேட்பதற்கு ஆள் வேண்டும். கேட்கிற ஆளுக்குப் பின்னால் வேலை தெரிந்த கைகள் நிற்க வேண்டும். அந்த ஆளும் கைகளும் நாம்தான்.

மேடையில் நிற்கும் எஞ்சினைப் பார்க்கிறவர்கள் அது பத்திரமாக இருப்பதாக நினைக்கிறார்கள். கறுப்புப் பெயின்ட் மினுங்குகிறது, பஃபர் பலகையில் சிவப்பு, சக்கரத்து விளிம்பில் வெள்ளை. பிள்ளைகளை ஏற்றிவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறோம். கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். புகைபோக்கிக்கு மூடி போடாத எஞ்சினில் பெய்கிற மழை நேரே ஸ்மோக்பாக்ஸுக்குள் இறங்கும். கடைசி ஓட்டத்துச் சாம்பலை யாரும் வாரி வெளியே போட்டிருக்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும். கரிச் சாம்பலில் கந்தகம் உண்டு. தண்ணீர் பட்டதும் அது அமிலமாகி அடித்தகட்டைத் தின்ன ஆரம்பிக்கும். அடுத்தது, எஞ்சினுக்குப் பின்னால் கோத்திருக்கும் டெண்டரின் தண்ணீர்த் தொட்டி. அதற்கடுத்து, பாய்லரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தகட்டுக்கு உள்ளே சூடு காக்க வைத்த பொதி. அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டால் பாய்லர் வெளிப்பக்கத்திலிருந்தும் இளைக்கும்.

சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துத் தட்டிக்கொண்டே போனால் காதே சொல்லிவிடும். நல்ல தகடு கணீரென்று பேசும். துருவேறி இளைத்த இடம் மொத்தென்று அடங்கும். அந்த இடத்தில் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிரும். அதன் பின்னால் செங்காவித் தூள். தூளைத் தட்டிவிட்டால் விரல் நுழையும் ஓட்டை. ஃபயர்பாக்ஸைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டே போல்ட்டுகளையும் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். முறிந்த ஸ்டே சத்தத்திலேயே அகப்பட்டுவிடும். நூற்றுக்கணக்கான ஸ்டேக்களில் எது முறிந்தது என்று சொல்லும் அந்தக் காது புத்தகம் படித்து வருவதில்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, “இப்போ கேளு, இப்போ கேளு” என்று தட்டிக் காட்டி வருவது.

அவசரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் துரு மட்டும் அல்ல. இந்திய ரயில்வேயின் அகலப் பாதையில் கரி எஞ்சின் ஓட்டம் 1995 டிசம்பரோடு முடிந்தது. நீலகிரி மலை ரயிலைத் தவிர்த்தால், மீட்டர் கேஜில் அதற்குப் பிறகு சில ஆண்டுகள் ஓடியது, அவ்வளவுதான். அன்று முப்பது வயதில் இருந்த ஃபிட்டர் இன்று அறுபதைத் தாண்டியவர். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரிகளில் பலர் இன்று நம்மோடு இல்லை. இரும்பு இன்னும் பத்து வருடம் தாங்கினாலும் தாங்கும். அந்தக் காது தாங்காது, தோழர்களே. அண்ணன்மாரே, உங்களைத் திண்ணையிலிருந்து எழுப்புவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்கள் பெரம்பூரைப் பாருங்கள். 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் கிட்சன் கம்பெனி செய்த எஞ்சின் இ.ஐ.ஆர். 21. கிழக்கிந்திய ரயில்வேயில் ஓடி 1909-இல் ஓய்வுக்கு அனுப்பப்பட்டது. ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் அசையாமல் நின்றது. அதைப் பெரம்பூர் லோகோ பணிமனைக்குக் கொண்டுவந்தார்கள். 2010 ஆகஸ்ட் 15 அன்று அது சென்னையில் தன் சொந்த நீராவியில் ஓடியது. 101 வருடம் நின்றுபோன எஞ்சின்! அதன் பிறகு எழும்பூர், கோடம்பாக்கம் தடத்தில் ஓடியது, கேரளத்தில் எர்ணாகுளம் வரை போய் ஓடியது. அதே 1855-இல் அதே கிட்சன் செய்த ஃபேரி குவீனையும் 1997-இல் ஓடவைத்தது பெரம்பூர்தான். 2011-இல் அதன் பாகங்கள் களவுபோனபோதும் வைத்தியம் பார்க்க அது பெரம்பூருக்கே வந்து சேர்ந்தது. பொன்மலைப் பணிமனையோ ஒரு படி மேலே போனது. நீலகிரி மலை ரயிலுக்காக எக்ஸ் வகை எஞ்சின்களைப் புதிதாகவே செய்தது. 2021-இல் கரியில் ஓடும் எஞ்சின் ஒன்றையும் செய்து வெளியே அனுப்பியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரம் கடித்து ஏறுகிற எஞ்சின் அது. அந்த வித்தை இன்னும் நம் மண்ணில் இருக்கிறது. அது இருக்கும்போதே நம் பிள்ளைகள் கைக்கு மாற்றியாக வேண்டும்.

உப்புக்காற்று பட்ட எஞ்சின் தேறாது என்று சிலர் சொல்வார்கள். உப்புக்காற்றைப் பற்றிக் கோட்டைக்குப்பத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கரை திரும்பியதும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாத படகு எஞ்சினின் கதி என்ன என்று இங்கே பத்து வயதுப் பிள்ளை சொல்லும். ஆனால் வேல்ஸ் தேசத்தில் பாரி என்ற துறைமுகத்தில் நடந்ததைக் கேளுங்கள். பிரிட்டிஷ் ரயில்வே கழித்துப்போட்ட எஞ்சின்களை உட்ஹாம் என்கிற காயலான் கடைக்காரர் வாங்கிக் கடலோரத்தில் வரிசையாக நிறுத்திவைத்தார். சில எஞ்சின்கள் இருபது வருடத்துக்கு மேல் அந்தக் காற்றில் துருவேறிக் கிடந்தன. 1968-இலிருந்து 1990 வரை அங்கிருந்து மீட்கப்பட்டவை 213. மீட்டவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்கள்: ஓய்வுபெற்றவர்கள், பட்டறைக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கிய குமாஸ்தாக்கள், வாத்தியார்கள். அவற்றில் பல இன்றைக்கும் ஓடுகின்றன.

இனி எஞ்சினை நகர்த்தும் வேலை. இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஆர்வக்கோளாறில் எஞ்சினைக் கொன்றுவிடுவதும் இங்கேதான். மீட்டர் கேஜ் ஒய்.பி. எஞ்சின் டெண்டரோடு சேர்ந்து நூறு டன்னை ஒட்டி வரும். முப்பது வருடம் ஒரே இடத்தில் நின்றதைக் கயிறு கட்டி இழுத்தால் ஆக்சில் பாக்ஸில் எண்ணெய் வற்றி, அச்சும் பேரிங்கும் ஒன்றையொன்று சிராய்த்துப் புண்ணாகிவிடும். முதலில் ஆக்சில் பாக்ஸைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும், பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற வைக்க வேண்டும். கனெக்டிங் ராடைக் கழற்றி, அடையாளம் எழுதிக் கட்டி வைக்க வேண்டும். சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகியிருக்கிறதா என்று பார்க்காமல் சக்கரத்தை உருட்டக் கூடாது. டெண்டரைப் பிரித்துத் தனியாகக் கொண்டுபோக வேண்டும். பிறகு ஜாக்கி. ஒரு பக்கம் ஒரு அங்குலம் ஏற்று, கீழே ஸ்லீப்பர் கட்டை அடுக்கு. மறுபக்கம் ஒரு அங்குலம் ஏற்று, கட்டை அடுக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நுழைத்தவன் கையோடு திரும்ப மாட்டான். மேடையிலிருந்து தற்காலிகத் தண்டவாளம் போட்டு, பல அச்சு டிரெய்லரில் உருட்டி ஏற்றி, சங்கிலி கட்டி, வழியில் இருக்கிற பாலத்தின் தாங்குதிறனையும் தலைக்கு மேல் ஓடும் மின்கம்பியையும் முன்கூட்டியே அளந்து, ராத்திரியில் மெதுவாகக் கொண்டுபோக வேண்டும்.

பாய்லர் மேல் போர்த்திய பழைய பொதியை யாரும் கையால் பிய்க்காதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்கு எமன். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வந்து எடுக்கட்டும்.

எல்லா எஞ்சினும் ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெரும்பாலானவற்றுக்குக் கூரையும் கிரீஸும் புகைபோக்கிக்கு ஒரு மூடியும் போதும். ஓடவைக்க வேண்டுமானால் பாய்லரை முழுதாகப் பிரித்து, குழாய்களை மாற்றி, ஸ்டே மாற்றி, தண்ணீர் அழுத்தத்தில் சோதித்து, அதன் பிறகே நெருப்பு மூட்ட வேண்டும். அது பெரிய பணம், பல வருட வேலை. ஒரே ஒரு எஞ்சினைத் தேர்ந்தெடுத்து அதில் அத்தனை உழைப்பையும் போடுவோம். மற்றவற்றில் பெயின்டுக்குச் செலவழிக்கும் காசைக் கூரைக்குச் செலவழிக்கச் சொல்லிக் கேட்போம். துருவின் மேல் பூசுகிற பெயின்ட் துருவைத்தான் காப்பாற்றும்.

மீனவனுக்கு எஞ்சினோடு என்ன சம்பந்தம் என்று கேட்கிற சொந்தங்களுக்கு ஒரு பேரை நினைவூட்டுகிறேன்: சிங்காரவேலர். 1860-இல் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். 1923-இல் இந்த நாட்டின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர். 1928-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஆட்குறைப்பில் இறங்கியபோது பணிமனைத் தொழிலாளிகளோடு வேலைநிறுத்தத்தில் நின்று சிறைக்குப் போனவர். கடற்கரையில் பிறந்தவருக்கு ரயில் தொழிலாளி அந்நியனாகத் தெரியவில்லை. பொன்மலையில் 1946 செப்டம்பர் 5 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளிகள் விழுந்த சங்கத் திடலும் இந்த எஞ்சின்களைப் பழுது பார்த்த கைகளின் வரலாறுதான். வெள்ளைக்காரன் விட்டுப்போன இரும்பு என்று இவற்றை ஒதுக்காதீர்கள். இதன் ஒவ்வொரு ரிவெட்டையும் சுடச்சுட அடித்து இறுக்கிப் பராமரித்தவர்கள் நம் ஆட்கள். இது அவர்களுடைய உழைப்பின் சாட்சி.

நம் கோட்டைக்குப்பத்தின் பெயரிலேயே ஒரு கோட்டை இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை. இன்று போய்த் தேடிப் பாருங்கள், முள்ளும் மேடும்தான் மிச்சம். அதே டச்சுக்காரர்களின் கல்லறைகள் கூப்பிடு தூரத்தில் செதுக்குச் சிற்பம் குலையாமல் நிற்கின்றன, ஏனென்றால் தொல்லியல் துறை அவற்றைச் சுற்றி வேலி போட்டுப் பாதுகாத்தது. காப்பாற்றியது நின்றது, விட்டது மண்ணாய்ப் போனது. இதைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்த நாம் எஞ்சின் விஷயத்தில் கைகட்டி நிற்கலாமா?

2023 ஆகஸ்டில் அம்ரித் பாரத் திட்டத்தில் நாடு முழுக்க 508 நிலையங்களின் சீரமைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். நிலைய முகப்புகள் மாறப்போகின்றன. முகப்பில் நிற்கிற எஞ்சின் எங்கே போகும், எப்படித் தூக்குவார்கள், யார் பொறுப்பு? இதை இன்றே கேட்க வேண்டும். கிரேன் வந்து நின்ற பிறகு கேட்டுப் பயனில்லை.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோட்டைக்குப்பம் வலைக்கூடத்தில் கூடுவோம். முதல் வேலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தெற்கு ரயில்வேக்கு மனு எழுதுவது: எந்தெந்த இடத்தில் எந்த வகை எஞ்சின், என்ன நம்பர், கடைசியாக யார் சோதித்தார்கள், சீரமைப்பில் எங்கே மாற்றப்போகிறார்கள் என்று. பத்து ரூபாய்க் கட்டணம்தான். அடுத்து, நிலையம் வாரியாக ஆட்களைப் பிரிப்பது. நம் ஊர் ஏரியில் நாம் பாடு போட்டு முறை வைத்துத் தொழில் செய்கிறோமே, அதே மாதிரி இதற்கும் சீட்டுப் போட்டு முறை வைப்போம். ஒரு குழுவுக்கு ஒரு எஞ்சின், ஒரு பெரியவர், நாலு இளையவர். யார் தலையிலும் முழுப் பாரமும் விழாது, யாரும் தப்பிக்கவும் முடியாது. மழைக்கு முன்னால் ஒவ்வொரு குழுவும் தன் எஞ்சினை வெளியிலிருந்து பார்த்துப் படம் எடுத்து, புகைபோக்கி திறந்திருக்கிறதா, எந்தப் பாகம் காணாமல் போயிருக்கிறது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். திறந்திருக்கிற ஒவ்வொரு புகைபோக்கிக்கும் மூடி போட அனுமதி கேட்டு, அந்தப் படத்தோடு பொது மேலாளருக்குக் கடிதம் கொடுப்போம்.

அண்ணன்மாரே, வரும்போது பழைய பணிமனை நோட்டு, ஸ்பேனர், கேஜ், ஃபோட்டோ எது வீட்டுப் பரணில் கிடந்தாலும் எடுத்து வாருங்கள். தம்பிகளே, உங்கள் போனில் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள், குறுக்கே பேசாமல் முழுதாக. அக்காமாரே, நீங்களும் வாருங்கள். வலைக்கூடத்தில் கணக்கையும் சங்க நோட்டையும் உங்களைவிடச் சுத்தமாக எழுதுகிறவர் யார்? நடக்க முடியாத பெரியவர் யாராவது இருந்தால் முகவரி சொல்லி அனுப்புங்கள், பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து நாங்களே ஆட்டோ வைத்து அழைத்து வருகிறோம். சுத்தியல் மறக்க வேண்டாம்.