சுவரிலே ஐந்து சொற்கள்!

விடியற்காலை ஐந்து மணிக்குச் செம்பரம்பாக்கம் சாலையோரம் நின்று பாருங்கள், தோழர்களே! ஒரு படை புறப்படுவதைக் காணலாம். வேலேந்திய படையல்ல, வாளேந்திய படையல்ல. சோற்று டப்பா ஏந்திய படை! தூக்கம் கலையாத கண்கள், கழுத்திலே தொங்கும் அடையாள அட்டை, காலிலே கனத்த காலணி. கம்பெனி பஸ் வருகிறது, ஏறுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று பஸ்கள் பிரிந்து ஓடுகின்றன. பின்னாலே ஏரி, முன்னாலே ஆலை, இடையிலே நம் வீட்டுப் பிள்ளைகள்!

அவர்கள் நுழையும் ஆலைகள் பலவற்றின் சுவரிலே ஐந்து சொற்கள் எழுதப்பட்டிருக்கும். செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே. வேண்டாததை விலக்கு; வேண்டியதை உரிய இடத்தில் வை; பெருக்கித் துடை; அந்தத் தூய்மையைக் காத்து நில்; ஒழுங்கைப் பழக்கமாக்கு. இவ்வளவுதான் பொருள். நம் பாட்டி முறத்தையும் துடைப்பத்தையும் கையில் வைத்துக்கொண்டு சொன்ன அதே பாடம், கடல் கடந்து வந்து ஜப்பானிய மொழியில் சுவரேறி நிற்கிறது!

ஆக, நம் பாட்டாளித் தோழன் தான் அறியாமலே ஜப்பானிய மொழி பேசிக்கொண்டிருக்கிறான். ‘கைசென்’ என்கிறான், ‘கான்பான்’ அட்டையைக் கையிலே பிடிக்கிறான், பிழை நேராமல் தடுக்கும் ஏற்பாட்டைப் ‘போக்கா யோக்கே’ என்கிறான். ஆனால் அந்த மொழி அவனுக்கு ஏவலின் மொழியாக அறிமுகமாயிற்றே தவிர, ஏணியின் மொழியாக அறிமுகமாகவில்லை. அந்த ஏணி எங்கே இருக்கிறது, யார் ஏறுகிறார்கள், நம் பிள்ளைகள் ஏன் அடியிலேயே நிற்கிறார்கள் என்பதைத்தான் இன்று எழுத முனைகிறோம்.

ஒரகடத்திலே கொமாட்சு இருக்கிறது. வல்லம் வடகாலிலே யமஹா இருக்கிறது. ரெனோவும் நிசானும் சேர்ந்து கட்டிய கார் ஆலை 2010இல் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து தரும் சிறிய ஆலைகளும் உண்டு. ஜப்பானிலிருந்து பொறியாளர் வருகிறார், வரைபடம் வருகிறது, தரம் குறைந்தது என்று புகார்க் கடிதம் வருகிறது. அப்போது இரு தரப்புக்கும் நடுவிலே ஒருவர் உட்காருகிறார். அங்கே பேசுவதை இங்கே சொல்கிறார். இங்கே பேசுவதை அங்கே சொல்கிறார். இயந்திரத்தின் முன் நிற்பவனைவிட அவருக்கு ஊதியம் அதிகம், மரியாதையும் அதிகம்.

அவருக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: துபாஷி! இரு மொழி அறிந்தவர் என்று பொருள். கும்பினியார் காலத்திலே சென்னையிலும் புதுவையிலும் அவர்கள் வாழ்ந்த வாழ்வென்ன, வளமென்ன! டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப்பிள்ளை; சென்னையிலே துபாஷித் தொழிலால் பெருஞ்செல்வம் சேர்த்தவர் பச்சையப்ப முதலியார். இரண்டாவது மொழி ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அவர்கள் சான்று. ஆனால் அந்நாளில் துபாஷியாகும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டிற்று? வசதியும் தொடர்பும் உள்ள சிலருக்கு மட்டுமே! ஏர் பிடித்தவனுக்கும் தறி நெய்தவனுக்கும் கிட்டியதா? இல்லை. இன்று, ஜனநாயக நாளிலும், அதே கதைதான் தொடர வேண்டுமா?

“ஜப்பானிய மொழியா? படம் படமாக எழுத்து, அது நமக்கு வருமா?” என்று மலைப்போருண்டு. எழுத்து கடினம்தான், மறைக்க மாட்டோம். ஹிரகானா 46, கட்டகானா 46. அவற்றுக்கு மேலே காஞ்சி என்னும் சித்திர எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்துள்ள பட்டியலிலே மட்டும் 2,136! ஆனால் வாக்கிய அமைப்பைப் பாருங்கள். ‘நான் தமிழைப் படிக்கிறேன்’ என்று நாம் சொல்லும் அதே வரிசையில்தான் ஜப்பானியனும் சொல்கிறான்: ‘வாத்தாஷி வா தமிருகோ ஓ பென்க்யோ ஷிமாசு’. நமக்கு ‘ஐ’ உருபு. அவனுக்கு ‘ஓ’ உருபு. வினைச்சொல் நமக்கும் கடைசியில், அவனுக்கும் கடைசியில். ‘வந்தார்’ என்பதோடு ‘ஆ’ சேர்த்து ‘வந்தாரா?’ என்று கேட்கிறோம். அவன் ‘கிமாஷிதா’ என்பதோடு ‘கா’ சேர்த்துக் கேட்கிறான். ஆங்கிலம் கற்கும்போது தலைகீழாகப் புரட்ட வேண்டிய வாக்கியத்தை, இங்கே புரட்ட வேண்டியதே இல்லை!

இந்த ஒற்றுமையைக் கண்டு வியந்து, இரு மொழிக்கும் உறவுண்டு என்று ஆராய்ந்து எழுதினார் சுசுமு ஓனோ என்னும் ஜப்பானியப் பேராசிரியர். மொழியியலார் பலர் அதை ஏற்கவில்லை. நாமும் அதற்காக மார்தட்ட வேண்டியதில்லை. உறவு நிலைநாட்டப்படாவிட்டால் என்ன? கற்பவனுக்கு வசதி இருக்கிறதே, அது போதாதா! ஜப்பானியர் நம் மொழியைக் கற்க வரவில்லையா? நொபொரு கராஷிமா சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்துப் படித்தே வாழ்நாளைக் கழித்தார். 2013இல் பத்மஸ்ரீ பெற்றார். திருக்குறளை ஷுசோ மட்சுனாகா 1981இலும், தகநொபு தகஹாஷி 1999இலும் ஜப்பானிய மொழியிலே வெளியிட்டார்கள். 1998இல் ‘முத்து’ படம் ஜப்பானியக் கொட்டகைகளில் ஓடியபோது, மொழி அறியாத மக்களும் கைதட்டினார்கள். அங்கிருந்து இங்கே பாலம் போட்டாகிவிட்டது. இங்கிருந்து அங்கே நடப்பவர் யார்?

பாலத்துக்குச் சுங்கச் சாவடி ஒன்று உண்டு: ஜப்பானிய மொழித் திறன் தேர்வு. ஐந்தாம் படியில் தொடங்கி முதற்படி வரை ஐந்து படிகள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னையிலும் எழுதலாம். அடிப்படி ஏறியவனுக்கு எழுத்தும் எளிய வாக்கியமும் தெரியும். அதைக் காட்டி மொழிபெயர்ப்பாளர் வேலை கேட்க முடியாது. மூன்றாம் படி, இரண்டாம் படி ஏறினால்தான் ஆலை அலுவலகக் கதவும், கணினி நிறுவனக் கதவும், மொழிபெயர்ப்புக் கதவும் திறக்கும். மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறோம், மூட்டை மூட்டையாகச் சம்பளம் வாங்கலாம் என்று எவனாவது நோட்டீசு அடித்தால், நம்பாதீர்!

இன்னொன்றையும் கேளுங்கள். அந்தத் தேர்விலே சொல் உண்டு, இலக்கணம் உண்டு, படித்தறிதல் உண்டு, கேட்டறிதல் உண்டு, பேச்சு இல்லை! வாயே திறவாமல் தேர்ச்சி பெறலாம். ஆனால் வேலை கொடுப்பவன் என்ன கேட்கிறான்? “பேசு” என்கிறான்! சான்றிதழ் கையிலே இருக்க, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, நம் பிள்ளை விழித்து நிற்கிறான்.

அந்த வாயைத் திறப்பது எது? மேடை! நம் இயக்கத்தார்க்கு இதை விளக்கவா வேண்டும்? மீசை அரும்பாத இளைஞனை மாலை நேரத்துத் தெருக்கூட்டத்திலே ஏற்றிவிட்டு, “ஐந்து நிமிடம் பேசு” என்று பழக்கியல்லவா நாம் பேச்சாளரை உண்டாக்கினோம்! ஜப்பானிய மொழி மாணவர்க்கும் அத்தகைய மேடைகள் உள்ளன. பேச்சுப் போட்டி நடக்கிறது. திரைப்பட விழா நடக்கிறது. தூரிகை எழுத்து, மலரடுக்கும் கலை, தாள் மடிக்கும் கலை என்று பண்பாட்டு நிகழ்ச்சிகள் நடக்கின்றன. சென்னையிலே ஜப்பானியத் துணைத்தூதரகம் உண்டு. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியோர் சேர்ந்து கண்ட ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்னும் சங்கம் உண்டு; வகுப்பும் நடத்துகிறது, தேர்வும் நடத்துகிறது. நல்ல பணி; பாராட்டுகிறோம். இத்தகைய விழாக்களிலேதான் மாணவன் முதன்முதலாக ஒரு ஜப்பானியரை நேருக்கு நேர் கண்டு, வணங்கி, பெயர் சொல்லி, நான்கு வார்த்தை பேசுகிறான். அங்கேதான் வேலை இருக்கும் இடமும் காதில் விழுகிறது. பண்பாட்டு விழா என்பது பொழுதுபோக்கன்று, தோழர்களே! அது வேலைவாய்ப்பின் முன்வாசல்!

அந்த முன்வாசல் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் சென்னை மாநகரின் நடுவிலே! ஒரகடத்திலே இரவு ஷிப்டு பார்க்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். காலையில் வேலை முடிகிறது, விடுதிக்கு வருகிறாள், குளித்து, சமைத்து, கண்ணயர்கிறாள். அவள் எப்போது பஸ் பிடித்து நகரத்துக்குப் போவது, எப்போது வகுப்பில் உட்காருவது, எப்போது திரும்பி மறுநாள் ஷிப்டுக்கு நிற்பது? ஷிப்டு மாறினால் வகுப்பு போச்சு. வகுப்புக்குப் போனால் கூலி போச்சு!

செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அந்த நீர் சென்னைக்குப் போகிறது, குடிக்கிறார்கள், வாழ்கிறார்கள், வாழட்டும்! ஏரி நீர் நகருக்குப் போகக் குழாய் போடத் தெரிந்த நாட்டுக்கு, நகரத்துப் பாடம் ஏரிக்கரைக்கு வரக் குழாய் போடத் தெரியாதா? இதுதான் நம் கேள்வி.

கடல் கடந்து போகும் வழியும் திறந்திருக்கிறது. 2019 ஏப்ரலில் ஜப்பான், ‘குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளர்’ என்ற புது விசாவைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் இந்தியா அதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ஐந்தாண்டுகளில் 50,000 பேர் இந்தியாவிலிருந்து ஜப்பானுக்கு என்று 2025 ஆகஸ்டில் இரு அரசுகளும் இலக்கு அறிவித்தன. முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், உற்பத்தித் தொழில் எனப் பல துறைகள். அந்த விசாவின் முதல் வகையில் மொத்தம் ஐந்தாண்டு தங்கலாம். குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. ஜப்பானியத் தொழிலாளிக்குக் குறையாத ஊதியம் தர வேண்டும் என்பது விதி. இந்த விவரம் அறியாதவனிடம்தான் தரகன் நகையை அடகு வைக்கச் சொல்வான், நிலத்தை விற்கச் சொல்வான். 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. முதலில் அந்தப் படியேறிக் கேளுங்கள், பிறகு பையைத் திறவுங்கள்.

மொழி கற்றால் இன்னொரு நன்மையும் உண்டு. சுவரிலே எழுதாத சொற்களும் தெரிய வரும்! ‘காரோஷி’ என்றொரு சொல். உழைத்து உழைத்தே சாவது என்று பொருள். அந்தச் சாவைத் தடுக்க ஜப்பான் 2014இல் சட்டம் செய்ய வேண்டி வந்தது; 2018இல் நிறைவேற்றிய சட்டத்தால் மிகைநேர வேலைக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று பொது வரம்பு கட்டியது. ‘ஷுந்தோ’ என்றொரு சொல். 1950களின் நடுவிலே தொடங்கி, ஆண்டுதோறும் இளவேனிலில் ஜப்பானியத் தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி நடத்தும் ஊதியப் போராட்டம். டொயோட்டா முறையிலே, குறை கண்ட தொழிலாளி எவனும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். ‘ஒழுங்கு’ என்ற சொல்லைச் சுவரிலே எழுதியவர்கள், ‘ஷுந்தோ’வைப் பக்கத்திலே எழுதவில்லை. படித்தவன் இரண்டையும் படிப்பான்!

“இந்தியை எதிர்த்து 1938இலும் 1965இலும் சிறை சென்றீரே, இப்போது ஜப்பானிய மொழி மட்டும் இனிக்கிறதோ?” என்று கேலி பேசுவோர் கிளம்புவர். சொல்கிறோம், கேட்கட்டும்! நாம் எதிர்த்தது மொழியை அல்ல, திணிப்பை! விரும்பி வாங்கிக் கடிக்கும் கரும்பு வேறு. கையைக் கட்டி வாயிலே திணிக்கும் கரும்பு வேறு. ஜப்பானியமும் கட்டாயமாக வந்தால், அதையும் எதிர்ப்போம். தவிர, தாய்மொழியைத் தள்ளிவிட்டு அயல்மொழி கற்கும்படி ஜப்பான் யாருக்கும் பாடம் சொல்லவில்லை. 2008இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற தோஷிஹிதே மஸ்கவா, தம் நோபல் உரையைத் தம் தாய்மொழியிலேயே ஆற்றினார். தன் மொழியிலே வேரூன்றியவனே பிறமொழியிலே கிளை பரப்புவான்.

ஆலையை நம்பியா மொழி கற்பது என்ற ஐயமும் எழலாம். நியாயமான ஐயமே! ஒரகடத்துக் கார் ஆலையில் தனக்கிருந்த 51 விழுக்காட்டுப் பங்கை ரெனோவுக்கு விற்க, 2025இல் நிசான் ஒப்பந்தம் செய்தது. முதலாளி மாறுவார், பெயர்ப் பலகை மாறும். ஆலை கைமாறும், நாவிலே ஏறிய மொழி கைமாறாது! அதனால்தான், ஒரு கம்பெனிக்குத் தேவையான நாற்பது சொல்லோடு நிறுத்தாமல், மொழியை மொழியாகக் கற்க வேண்டும் என்கிறோம்.

என்ன செய்யலாம்? அரசுக்குச் சொல்கிறோம்: இந்த வட்டாரத்து அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும், 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வாயிலாக, மூன்று ஷிப்டுக்கும் ஏற்ற மூன்று நேர வகுப்பு நடத்துக, கட்டணம் கேளாது நடத்துக! துணைத்தூதரகத்தையும் சங்கத்தாரையும் வேண்டுகிறோம்: ஆண்டுக்கு ஒரு பேச்சுப் போட்டியை, ஒரு விழாவைத் திருப்பெரும்புதூருக்குக் கொண்டுவருக! ஆலை நிர்வாகங்களுக்குச் சொல்கிறோம்: தேர்வுக் கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள், தேர்வு நாளில் விடுப்பு தாருங்கள், படியேறியவனுக்குப் படி உயர்த்துங்கள்!

கழகத் தோழர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. நம் படிப்பகங்கள் மாலையிலே பூட்டிக் கிடப்பானேன்? கரும்பலகை ஒன்று, விளக்கு ஒன்று, முன்பே கற்ற ஒருவர்: இவை போதும், 46 எழுத்தைத் தொடங்க! உங்கள் மகனை அனுப்புங்கள்; மகளைக் கட்டாயம் அனுப்புங்கள்.

நாளை அதே விடியற்காலையில், அதே பஸ்ஸில் அந்தப் பெண் ஏறட்டும். அதே ஆலைக்குள் நுழையட்டும். சுவரிலே உள்ள ஐந்து சொற்களை அண்ணாந்து பார்த்து, “இதை எனக்குச் சொல்லித்தர வேண்டாம், எனக்கே படிக்கத் தெரியும்” என்று சொல்லட்டும். அந்த நாளுக்காகக் கேட்கிறோம். கிடைக்கும்வரை கேட்போம்!