மரக்கன்று நட மாணவர்கள் வேண்டும், மன்றத்தில் பேச வேண்டாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை என்பது பல இடங்களில் வீட்டின் முன்னறைதான். மேலே தகரக் கூரை, பக்கத்தில் ஒரு ஜன்னல், தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் நாலைந்து பேர். கண்ணிகளைப் பற்றவைக்கும் நேரத்தில் மின்விசிறி போட முடியாது. காற்றில் சுடர் அலைந்தால் பற்று சரியாக விழாது. 2024 ஏப்ரல் கடைசியில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டி நின்றபோதும் அந்த வேலை அப்படித்தான் நடந்தாக வேண்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அதே வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். வெப்ப அலை என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்துவிட்டால் இந்தப் பிள்ளைகளை எல்லோரும் தேடுகிறார்கள். பேரணிக்குக் கூட்டம் சேர்க்கவும், உறுதிமொழி எடுக்கவும், மரக்கன்றைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்கவும் அவர்கள் வேண்டும். ஜூன் 6 அன்று அதே மாணவர், "போன வருஷம் நட்ட கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? எங்கள் தெருச் சாக்கடையை எப்போது தூர்வாருவீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. இளைஞர்களின் சூழலியல் அக்கறையை நம் உள்ளாட்சிகள் அலங்காரமாகவே வைத்திருக்கின்றன. அதை நிர்வாகத்துக்குள் கொண்டுவர வேண்டிய காலம் வந்துவிட்டது.

பருவநிலை மாற்றம் என்றதும் அது ஐ.நா. சபையும் டெல்லியும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அரசியலமைப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கக்கூடிய 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிட்டது. நகர்ப்புறக் காடு வளர்ப்பும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அதில் எட்டாவது இடத்தில் இருக்கின்றன. குப்பை, குடிநீர், தெரு, பூங்கா எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. மண்டித் தெருவில் மூட்டை இறக்கும் சுமைப்பணித் தொழிலாளி நிற்க நிழல் உண்டா, குடிக்கத் தண்ணீர் உண்டா என்பதெல்லாம் மாநகராட்சிதான் முடிவு செய்ய வேண்டியவை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு அந்தத் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தது. செவ்வாய்ப்பேட்டைக்குக் கிழக்கே, பழைய பேருந்து நிலையத்தையும் சுகவனேஸ்வரர் கோயிலையும் ஒட்டி ஓடும் இந்த ஆறு நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் சேர்கிறது. சாதாரண நாட்களில் நகரத்தின் கழிவுநீரையும் சாயக் கழிவையும் சுமக்கிறது. மழை நாட்களில், இருபுறமும் நெருக்கப்பட்ட கரைகளைத் தாண்டி வீடுகளுக்குள் நுழைகிறது. இந்த ஆற்றில் ஐந்து வருடம் கழித்து நடக்கப்போவதை இன்றைக்குப் பதினைந்து வயதில் இருப்பவர்களைவிட அதிகமாக அனுபவிக்கப்போவது யார்?

தொலைநோக்கு சேலத்துக்குப் புதிது அல்ல. குடிநீருக்காக 1911இல் சேலம் நகராட்சி பனமரத்துப்பட்டியில் 2,000 ஏக்கருக்கு மேல் பரப்புள்ள ஏரியை உருவாக்கியது. தங்கள் வாழ்நாளுக்கும் அப்பால் யோசித்த ஒரு மன்றம் அன்று இருந்தது. பின்னாளில் மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வந்தது, ஏரி கவனிப்பாரற்றுப்போனது, சீமைக்கருவேலம் அதை ஆக்கிரமித்தது. அந்த ஏரிக்கு அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று மாநகராட்சியிடம் கேட்க ஒரு பள்ளி மாணவிக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் எந்த அவையில் நின்று கேட்பது?

2022இல் தமிழக அரசு வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், நகரங்களில் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை போலவே நகரத்துத் தெருக்காரர்களும் கவுன்சிலரை நேருக்கு நேர் பார்த்துக் கேள்வி கேட்கலாம் என்பது பெரிய மாற்றம். குறை ஒன்றுதான்: பகுதி சபையின் உறுப்பினர்கள் அந்தப் பகுதியின் வாக்காளர்கள். 18 வயது ஆகாதவர்களுக்கு அங்கே இடம் இல்லை.

சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கும் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். அன்று பதின்மூன்று வயதில் இருந்த பிள்ளை ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிந்து அடுத்த தேர்தல் வரும்போது வாக்காளர் ஆகிவிடும். இடைப்பட்ட ஐந்து வருடமும், போடப்பட்ட கான்கிரீட்டுக்கும் வெட்டப்பட்ட மரத்துக்கும் அந்தப் பிள்ளையிடம் யாரும் கருத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். அந்த வயதில், சொந்த ஊரின் பகுதி சபையில் உறுப்பினராக உட்கார அவருக்கு விதி இடம் தந்திருக்காது. இந்த முரண்பாட்டை நாம் சகித்துக்கொள்ளக் கூடாது.

பெற்றோரின் பயத்தையும் பேசியாக வேண்டும். "படிக்கிற வயசுல உனக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்று அப்பாக்கள் கேட்பதற்குச் சேலத்திலேயே காரணம் இருக்கிறது. 2017 ஜூலையில், எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு எதிரான நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களை ஆதரித்து அரசு மகளிர் கல்லூரி அருகே துண்டறிக்கை கொடுத்ததற்காக இதழியல் மாணவி வளர்மதி கைது செய்யப்பட்டார். சில நாட்களில் குண்டர் தடுப்புச் சட்டமும் பாய்ந்தது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் காவலை ரத்து செய்தது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எதிர்த்து மின்னஞ்சல் இயக்கம் நடத்திய 'ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர்' இளைஞர்களின் இணையதளத்தை முடக்க டெல்லி காவல்துறை 'உபா' சட்டத்தைக் குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்பியது. பிறகு அதைத் தவறு என்று சொல்லித் திரும்பப் பெற்றது. நீதிமன்றம் விடுவித்தாலும் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டாலும் அந்தப் பயம் வீடுகளில் தங்கிவிடுகிறது. பிள்ளைகள் பேசுவதற்கு முறையான இடம் ஒன்றை அரசே தந்தால், இந்தப் பயம் பாதி குறையும்.

அழுத்தம் கொடுத்தால் உள்ளாட்சி அசையுமா? அசையும். சென்னை மாநகராட்சி 2022 செப்டம்பரில் தன் பருவநிலைச் செயல்திட்ட வரைவை மக்கள் கருத்துக்காக வெளியிட்டபோது அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அவகாசமும் மிகக் குறைவு. சூழலியல் அமைப்புகளும் இளைஞர்களும் கேள்வி எழுப்பிய பிறகு தமிழ் வடிவம் வந்தது, அவகாசம் நீண்டது. சேலத்திலும் உதாரணம் இருக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010இல் சூழலியல் செயல்பாட்டாளர் பியூஷ் மானுஷும் சேலம் மக்கள் குழுவினரும் கையிலெடுத்துத் தூர்வாரினார்கள். அள்ளிய மண்ணையே ஏரிக்குள் திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். ஏரியைத் தேடிப் பறவைகள் வந்தன. ஆனால் மக்களே வேலையை இழுத்துப் போட்டுச் செய்வதை மட்டும் பாராட்டிக்கொண்டிருந்தால், அந்த வேலைக்கு வரி வாங்கும் அமைப்பு தன் பொறுப்பிலிருந்து நழுவிவிடும்.

மண்டிக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் இன்னொரு கவலை உண்டு. சுற்றுச்சூழல் என்று ஆரம்பித்தால் கடைசியில் தங்கள் தொழிலில் கை வைப்பார்களோ என்று அஞ்சுகிறார்கள். நியாயமான கவலை. மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் வெல்ல ஏலமும், லீ பஜாரின் தானிய வியாபாரமும், வெள்ளித் தொழிலும்தான் இந்தப் பகுதிக்குச் சோறு போடுகின்றன. கேட்கப்போகும் பிள்ளைகளும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். பட்டறையை மூடு என்று அவர்கள் சொல்லப்போவதில்லை. அமிலப் புகை வெளியேற வழி, தகரக் கூரைக்கு வெப்பம் தாங்கும் பூச்சு, கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்க ஓர் இடம் என்பவைதான் அவர்கள் கேட்கக்கூடியவை. அரியாகவுண்டம்பட்டியில் கொலுசுத் தொழிலுக்கென ஒரு பன்மாடி மையத்தை அரசு கையிலெடுத்தது. செவ்வாய்ப்பேட்டையின் வீட்டுப் பட்டறைகளுக்கு அதன் பயன் எப்படி வந்து சேரும் என்பது பகுதி சபையில் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று.

இன்றைய சட்டத்திலேயே சில கதவுகள் திறந்திருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 'குடிமக்கள்' என்றுதான் சொல்கிறது. வயது வரம்பு வைக்கவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தங்கள் வார்டில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை மரம் வெட்ட அனுமதி தரப்பட்டது, எத்தனை நடப்பட்டது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று ஒரு பதினோராம் வகுப்பு மாணவர் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியலமைப்புச் சட்டத்தின் 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்று 2024இல் எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடலாம்.

இதற்கு மேல் நகர வேண்டியது மாநகராட்சி. கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்துகள் குழந்தைகளுக்கென்றே தனி கிராம சபை கூட்டுகின்றன. அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் 13 இளைஞர்கள் போக்குவரத்துத் துறை மீது தொடுத்த வழக்கு 2024 ஜூனில் சமரசத்தில் முடிந்தபோது, அந்தத் துறைக்கு ஆலோசனை சொல்ல ஓர் இளைஞர் குழு அமைக்கவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. சேலம் மாமன்றம் இதற்காக நீதிமன்றத்துக்கு இழுக்கப்படும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பகுதி சபைக் கூட்டத்திலும் முதல் அரை மணி நேரத்தைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ஒதுக்கி ஒரு தீர்மானம் போட்டால் போதும். அவர்கள் எழுப்பும் கேள்விகள் பதிவேட்டில் ஏற வேண்டும். அடுத்த கூட்டத்துக்குள் சம்பந்தப்பட்ட அதிகாரி கையெழுத்திட்ட பதிலோடு வர வேண்டும். பட்ஜெட் கூட்டத்துக்கு முன்பாக மாணவர் பிரதிநிதிகளை மேயரும் ஆணையரும் ஒருநாள் உட்கார்ந்து கேட்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையிலேயே தொடங்கிவிடலாம், கேள்விக்கும் அங்கே பஞ்சமில்லை, கேட்கும் பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை.