ஸ்டேட்டஸில் வசனம், வரன் தேடும்போது சாதி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. சூரிய உதயப் படம், அதன் மேல் ஒரு வேத வசனம், ஓரத்தில் ஒரு வெள்ளைப் புறா. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க இதுதான். பத்து மணிக்கு ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் குடும்பத்தோடு ஒரு செல்ஃபி. மதியம் பிரியாணி. சாயங்காலம் அதே கைபேசியில் அப்பா மேட்ரிமோனி ஆப்பைத் திறக்கிறார். மதம்: கிறிஸ்தவம். சபை: சி.எஸ்.ஐ. அல்லது ஆர்.சி. அதற்கு அடுத்த கட்டம் சாதி. அங்கே அவருடைய விரல் தயங்குவதே இல்லை.

காலையில் போட்ட வசனத்துக்கும் மாலையில் போட்ட டிக்குக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம்தான். ஆனால் அந்த இடைவெளிக்குள் தமிழ்க் கிறிஸ்தவத்தின் நானூறு வருட வரலாறு அடங்கியிருக்கிறது.

இன்றைய காலத்தில் விசுவாசத்துக்கு எது ஆபத்து என்று கேட்டால் பிரசங்கிகள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். சினிமா, செல்போன், மேற்கத்திய நாகரிகம், உடை, காதலர் தினம். இந்தப் பட்டியலில் சாதி எத்தனை பிரசங்கங்களில் வருகிறது? ஜீன்ஸ் போட்ட பெண்ணைப் பற்றி அரை மணி நேரம் பேசும் மேடைகள், சாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் மூப்பரைப் பற்றி அரை நிமிடம் பேசுவதில்லை. ஏனென்றால் அந்த மூப்பர் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்!

இது நேற்று முளைத்த வியாதி அல்ல. 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, மேல்சாதியினரை ஈர்ப்பதற்காகப் பிராமண சந்நியாசியைப் போலவே வாழ்ந்தார். மதம் மாறியவர்கள் பூணூல், குடுமி, சந்தனம் வைத்துக்கொள்ள 1623ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அனுமதி தந்தார். நற்செய்தி பரவ அது ஒரு தந்திரம் என்று சொல்லலாம். ஆனால் கதவைத் திறப்பதற்காக உள்ளே விட்ட விருந்தாளி வீட்டுக்காரனாகவே ஆகிவிட்டான்.

புராட்டஸ்டண்டுகளும் தப்பவில்லை. 1833ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். திருவிருந்துக்கு எல்லோரும் கலந்து வர வேண்டும் என்றார். விளைவு? தஞ்சையிலும் சென்னையிலும் ஏராளமானோர் சபையை விட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவை விடலாம், வரிசையை விட முடியாது! இன்றும் கோவில்களில் பாடப்படும் கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே, புதிய மிஷனரிகளின் இந்தப் போக்கை எதிர்த்து எழுதியவர்தான். பக்தி குறைந்தவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அதுதான் விஷயம். உண்மையான பக்தியும் உண்மையான சாதியும் ஒரே நெஞ்சில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்த முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தைப் பாருங்கள். 1745ல் நட்டாலத்து நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆன ஊர் அது. எல்லாச் சாதியினரோடும் சமமாகப் பழகியவர் என்று அவரைத் திருச்சபை போற்றுகிறது. 1752ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் எழுந்த கோவில் எப்படி இருந்தது தெரியுமா? பீடத்திலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்கள் போல இரண்டு கூடங்கள். ஒன்றில் பிள்ளைமாரும் முதலியார்களும், மற்றதில் நாடார்களும் பிறரும். நடுவே தடுப்பு. ஒரே பூசை, ஒரே அப்பம், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கத் தேவையில்லாத கட்டடக்கலை! 1910ல் கௌசானல் என்ற குருவானவர் அந்தத் தடுப்பை இடித்தார். மேல்சாதியினர் வழக்குப் போட்டார்கள். கிறிஸ்தவர்களான பிறகு சாதியின் பேரில் கோவிலில் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வேதபுத்தகம் சொல்லிக் கேட்காததை வெள்ளைக்காரன் கோர்ட் சொல்லிக் கேட்டார்கள்.

தேவசகாயம் 2022 மே 15ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன்பே அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கிவிட்டது. இரத்தசாட்சியாகச் செத்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அவருக்கே சாதியிலிருந்து விடுதலை கிடைத்தது என்றால், மற்றவர்கள் கதி என்ன?

'அதெல்லாம் பழைய கதை, இப்போது யார் சாதி பார்க்கிறார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் நடந்தது பழைய கதையா? ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள். தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஏன் தனியாகக் கேட்டார்கள்? சேர்ந்திருந்த இடத்தில் சமமாக நடத்தப்படவில்லை என்பதால். அது கலவரத்தில் முடிந்தது. வன்னியக் கிறிஸ்தவர்கள் பக்கத்தில் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே ஜெபமாலையை உருட்டுகிறவர்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்கள் மீது கொடூரமான தாக்குதல் நடந்தது. கோவில்கள் எரிந்தன, பல்லாயிரம் பேர் காடுகளுக்கும் முகாம்களுக்கும் ஓடினார்கள். ஆகஸ்ட் 29 அன்று நாடு முழுவதும் கத்தோலிக்கப் பள்ளிகள் மூடப்பட்டு எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டது. மிகச் சரியான செயல். எறையூருக்காக அப்படி ஒரு நாள் நாடு முழுவதும் மூடப்படவில்லை. கந்தமாலில் வீடிழந்தவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகளும் பழங்குடியினரும் என்பதை நினைவில் வைத்தால் இந்த வித்தியாசம் இன்னும் உறுத்தும். வெளியாள் அடித்தால் தலித் கிறிஸ்தவன் 'கிறிஸ்துவின் சரீரம்'. உள்ளாள் அடித்தால் அது 'ஊர்ப் பிரச்சினை'.

இங்கேதான் அரசியல் வருகிறது. 1950 ஆகஸ்ட் 10ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டுமே என்றது. 1956ல் சீக்கியர்களும் 1990ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வைக்கப்பட்டார்கள். ஆகஸ்ட் 10ஐத் திருச்சபைகள் கறுப்பு தினமாக அனுசரிக்கின்றன. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் இந்த உரிமையைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. கோரிக்கை முழுக்க நியாயமானது. ஒருவனுடைய மதத்தை வைத்து அவனுக்குரிய நீதியை மறுப்பது அநியாயம்தான்.

ஆனால் 1985ல் சூசை என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன கேட்டது? அவர் சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த தலித் கிறிஸ்தவர். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது. அப்படியானால் இந்த வழக்கில் திருச்சபை யார்? நீதி கேட்கும் வாதியும் அதுதான், குற்றத்துக்கான சாட்சியும் அதுதான், குற்றவாளியும் அதுதான்! டில்லியில் போய் 'எங்களுக்குள் தீண்டாமை இருக்கிறது, ஆகவே உரிமை கொடுங்கள்' என்று மனு. ஊருக்குத் திரும்பி 'எங்களுக்குள் ஏது சாதி, எல்லோரும் சகோதரர்கள்' என்று பிரசங்கம். இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும்.

இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதையும் ஒப்புக்கொண்டது. 2022ல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். நல்ல விஷயங்கள்தான். ஆனால் ரோமாபுரியில் ஒருவருக்குச் சிவப்புத் தொப்பி கிடைப்பதை விட, ஒரு கிராமத்துத் தலித் பையனுக்கு ஊர்க் கோவில் தேர் வடத்தைப் பிடிக்க உரிமை கிடைப்பது கடினமாக இருக்கிறதே!

இதைப் பேசினாலே ஒரு பதில் தயாராக வரும். 'இப்போது பேச வேண்டிய நேரமா இது? மதமாற்றத் தடைச் சட்டங்கள் ஒரு பக்கம், கோவில்கள் மீது தாக்குதல் ஒரு பக்கம். எதிரி கையில் ஆயுதம் கொடுக்கலாமா?' கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆயுதம் எதிரியிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'அங்கே போனாலும் உன் சாதி போகாது' என்று சொல்ல அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மேட்ரிமோனி ஆப்பைத் திறந்து காட்டினால் போதும். ஆயுதத்தைப் பிடுங்க ஒரே வழி, அது சொல்வதைப் பொய்யாக்குவதுதான். மறைப்பது அல்ல.

'பெரியவர்கள்தான் அப்படி, இளைஞர்கள் மாறிவிட்டார்கள்' என்பது இன்னொரு பதில். மாறினார்களா? இன்ஸ்டாகிராமில் சிலுவைப் படமும் சாதித் தலைவர் படமும் ஒரே பக்கத்தில், ஒரே பின்னணி இசையோடு ஓடுகின்றன. ஊடகம் செய்த காரியம் ஒன்றுதான்: சாட்சி சொல்வதை மலிவாக்கிவிட்டது. ஒரு வசனத்தைப் பகிர ஒரு விரல் போதும். அதற்கு வீட்டில் சண்டை வராது, சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வராமல் இருக்க மாட்டார்கள், சொத்தில் பங்கு போகாது. தேவசகாயம் கொடுத்த விலையில் நூறில் ஒரு பங்கும் வேண்டாம். விலையில்லாத விசுவாசத்துக்கு இருநூறு லைக்!

பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் யூதர், கிரேக்கர், அடிமை, எஜமான் என்ற பிரிவினை கிறிஸ்துவுக்குள் செல்லாது என்று சொல்வதை எல்லோரும் பகிர்கிறார்கள். அதற்கு முந்தின அதிகாரத்தை யாரும் பகிர்வதில்லை. அந்தியோகியாவில் பேதுரு முதலில் புறஜாதியாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும், அவர்களுக்குப் பயந்து எழுந்து தனிப்பந்திக்குப் போனார். பவுல் சும்மா இருக்கவில்லை. எல்லோர் முன்னாலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். 'இப்போது பேச வேண்டிய நேரமா?' என்று பார்க்கவில்லை, சபை அப்போதும் துன்பத்தில்தான் இருந்தது. பேதுருவின் உபதேசம் ஒன்றும் தப்பில்லை. தப்பு அவர் எழுந்து போன பந்தியில் இருந்தது.

ஆகவே சோதனை சுலபமானது. சபைப் பத்திரிகையின் மணமகள் தேவை பகுதியில் சாதி போட்டு வரும் விளம்பரத்தை ஆசிரியர் திருப்பி அனுப்புவாரா? கல்லறைத் தோட்டத்தில் குழி வரிசைப்படி வருமா, சாதிப்படி வருமா? திருமண்டலத் தேர்தலில் வேட்பாளரின் சாதிக் கணக்குப் பார்க்காமல் ஓட்டு விழுமா? பிள்ளை ஒருநாள் வந்து, 'அப்பா, அவளும் நம்ம சர்ச்தான், ஆனால் சேரியிலிருந்து வருகிறாள்' என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தவர் மறுநாள் காலை ஸ்டேட்டஸில் எந்த வசனத்தை வேண்டுமானாலும் போடலாம்.