பட்டியில் நடந்தது வீட்டுக்குத் தெரியட்டும்



காங்கயம், தாராபுரம் பக்கத்தில் கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளில் செம்மறிகள் மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலர் வீட்டிலும் ஆட்டுப்பட்டி இருக்கும். சினை ஆடு ஒன்று மாதம் நிறையுமுன் குட்டியை வீசிவிட்டால் என்ன செய்கிறார்கள்? "கண் பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "மேய்ச்சல் சரியில்லை" என்பார் மற்றொருவர். செத்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளி வேலியோரம் எறிந்துவிடுவார்கள். அள்ளுபவர் கருவுற்ற பெண்ணாகவும் இருக்கலாம். என் கவலை இதுதான்.

குட்டி வீசப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஓரணு ஒட்டுண்ணி. 1908-ல் டூனிஸ் நகரில் நிக்கோல், மான்சோ என்ற இருவர் ஒரு சிறு கொறிவிலங்கின் உடலில் இதைக் கண்டனர். ஆனால் புல் மேயும் ஆட்டுக்கு இது எப்படி வருகிறது என்பது அறுபது ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1970-ல் அதை அவிழ்த்தவர்களுள் ஒருவர், மத்தியப் பிரதேசத்து மௌ கால்நடைக் கல்லூரியில் படித்த ஜே. பி. தூபே. விடை என்ன தெரியுமா? பூனை!

எலியைத் தின்று இந்நோய் பற்றிய பூனை, ஓரிரு வாரங்களுக்குத் தன் மலத்தோடு இலட்சக்கணக்கான நுண்ணிய முட்டையுறைகளை வெளியேற்றுகிறது. ஒன்று முதல் ஐந்து நாட்களில் அவை தொற்றும் தன்மை பெறுகின்றன. ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் அழியாமல் கிடக்கும். சோளத்தட்டிலும் தானியத்திலும் கலந்து ஆட்டின் வயிற்றை அடைகின்றன. மனிதருக்கோ மண் படிந்த காய்கறி, சரியாக வேகாத இறைச்சி, காய்ச்சாத ஆட்டுப்பால் ஆகியவற்றால் வரலாம். குட்டி வீசிய ஆட்டின் நஞ்சுக்கொடியும் ஆபத்தானதே.

"எங்கள் பாட்டி நாற்பது வருடம் ஆடு வளர்த்தார், ஒன்றும் ஆகவில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பாட்டிக்குச் சிறு வயதிலேயே இது வந்து, சாதாரணக் காய்ச்சல்போல் போயிருக்கலாம். ஒருமுறை வந்தவர் உடலில் எதிர்ப்பாற்றல் நிலைத்துவிடும். பின்னர் கருவுற்றாலும் பெரும்பாலும் குழந்தைக்குத் தீங்கில்லை. ஆனால் கோவை நகரில் வளர்ந்து, மருமகளாக வந்த அண்ணிக்கு அந்த எதிர்ப்பாற்றல் இல்லாதிருக்கலாம். கருவுற்ற காலத்தில் முதன்முதலாகத் தொற்றினால், கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் கண்ணையும் மூளையையும் தாக்கக்கூடும். கரு கலைந்தும் போகலாம். பாட்டியின் அனுபவம் அண்ணிக்குக் காப்பாகாது.

ஆகவே நான் சொல்வது இது. ஆடு குட்டி வீசினால் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கருவுற்றவர் பட்டிப் பக்கம் போக வேண்டாம். மற்றவர்கள் கையுறை அணிந்து அப்புறப்படுத்தி, ஆழக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைக்கட்டும். கருவுற்றவர் சுகாதார நிலையத்துக்குப் போகும்போது இச்செய்தியையும் சொல்லட்டும். இரத்தச் சோதனை உண்டு, மருந்தும் உண்டு. "வீட்டில் ஆடு உண்டா? குட்டி வீசியதா?" என்று மருத்துவர்களும் கேட்க வேண்டும். ஆட்டு வைத்தியமும் ஆள் வைத்தியமும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பது சரியல்ல.

பூனையை விரட்டிவிடாதீர்கள், தானியத்தை எலியிடமிருந்து காப்பது அதுதானே! தீவனத்தை மூடி வையுங்கள், போதும். கரு கலைந்த பெண் மீது பழி போடவும் வேண்டாம். அதற்கு வேறு காரணங்களே மிகுதி.

பாடப் புத்தகத்தில் ஒட்டுண்ணியின் படம் வரைந்து மதிப்பெண் வாங்குகிறீர்கள். நல்லது. இன்று மாலை வீட்டிலும் இதைச் சொல்லுங்கள்.