தட்டினால் நிற்கும் கசிவு

பாகான் டாலாமில் பழைய கப்சாய் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் இது. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டினால், ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து அடிக்கிண்ணத்தில் கைப்பிடியால் இரண்டு தட்டு. நின்றுவிடும். காலை நிகழ்ச்சிக்கு ஓடும் அவசரத்தில் அப்பாவின் மோட்டாரை நானும் பலமுறை தட்டியிருக்கிறேன்.

போன வாரம் அதைப் பார்த்த அக்கா மகன் முகம் சுளித்தான். விமானப் பராமரிப்பு படிக்கிறவன். "மாமா, இதையே செஸ்னாவுல தட்டினாலும் நிக்கும். அதுதான் ஆபத்து" என்றான்.

பட்டர்வொர்த் தளத்து ஜெட்டுகளுக்குக் கார்புரேட்டர் கிடையாது. பழைய செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களுக்கு உண்டு. உள்ளே இருப்பது நம் மோட்டாரில் இருக்கும் அதே சங்கதிதான். கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழும்பி, ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். தண்ணீர்த் தொட்டி மிதவை மாதிரி. ஊசியில் தூசு சிக்கினாலோ, மிதவை பெட்ரோலை உறிஞ்சிக் கனத்தாலோ வழி முழுதாக அடைபடாது. தட்டினால் தூசு கொஞ்சம் நகரும், அவ்வளவுதான்.

செஸ்னாவின் பெட்ரோல் இறக்கையில், கார்புரேட்டர் எஞ்சினுக்கு அடியில். வால்வை மூடாவிட்டால் நிறுத்திவைத்த விமானத்திலும் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தோடு எஞ்சினைக் கிளப்பும்போது ஒரு பின்வெடிப்பு போதும், தீப்பிடிக்க.

கண்டுபிடிக்க நல்ல துணை நிறம். 100எல்எல் விமான பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பதால், கசிந்து காய்ந்த இடத்தில் கறை தங்கிவிடும். ஆனால் எஞ்சின் ஓடாதபோது திராட்டலை நாலைந்து முறை அழுத்தினாலும், மேலே பீய்ச்சிய பெட்ரோல் கீழே வழியும். அது கசிவல்ல. அதனால் எதையும் தொடாமல் வால்வை மட்டும் திறந்துவைத்துப் பார்க்க வேண்டும். சொட்டு தொடர்ந்து, வால்வை மூடியதும் அடங்கினால் ஊசியையும் மிதவையையும் சந்தேகிக்கலாம். இரு பாதிகள் சேரும் விளிம்பு நனைந்திருந்தால் கேஸ்கெட்.

பிறகு உரிமம் பெற்றவர் கழற்றிப் பிரிக்க வேண்டும். ஊசியின் நுனியையும் அது உட்காரும் இடத்தையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றுவார். ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் மிதவைகளை நிறுத்தே பார்க்கிறார்கள். ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவைகளும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டக்கூடாது. நகைக்கடைக் கணக்கு! புது கேஸ்கெட் போட்டு, திருகுகள் தளராதபடி பூட்டி, மறுபடி கசிகிறதா என்று பார்த்தபிறகே பதிவேட்டில் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அடுத்த பயிற்சி மாணவன் ஏறி உட்காருகிறான்.

சனிக்கிழமை பட்டறையில் அப்பாவின் கார்புரேட்டரைப் பிரித்தார்கள். ஊசியின் ரப்பர் நுனியில் வட்டமாக ஒரு பள்ளம். எத்தனை நாளாய் இருந்ததோ. புது ஊசி போட்டாயிற்று. அப்பா மட்டும் ஸ்க்ரூ டிரைவரை இன்னும் கூடையிலிருந்து எடுக்கவில்லை.